சுமையும் சில்லும்

மனிதன் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும்போது தன்னை மாத்திரம் கொண்டு செல்வதில்லை. உண்ணும் உணவு, தொழிலுக்கு வேண்டிய கருவி, விற்பதற்குரிய பண்டம், படிப்பதற்குரிய நூல் என ஏதேனும் ஒன்று அவனுடன் செல்கின்றது. ஆகவே பிரயாணத்தின் வரலாறு பெரும்பாலும் சுமையின் வரலாறே எனலாம். தமிழ் மக்கள் இச்சுமையைப் பற்றி நெடுங்காலம் சிந்தித்தவர்கள். தலையிலே சுமை ஏற்றுவோர் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்தனர். இரு புறமும் சமனாகத் தொங்கவேண்டிய பொருள்களுக்குக் காவுதடியைக் கண்டனர். நெடுந்தூர வாணிகத்துக்குப் பொதிமாடுகளைப் பழக்கினர். மன்னார்ப் பகுதியிலோ, அராபிய வணிகர் கொண்டுவந்தவை எனக் கூறப்படும் கழுதைகள் பொதி சுமந்தன. அவற்றின் வழிவந்தவை சுமப்பதற்கு ஒன்றுமின்றி இன்றும் மன்னார் நகர வீதிகளில் உலாவுவதைக் காணலாம்.

வழியிலே சுமையை இறக்கி வைப்பதற்கும் நம் முன்னோர் வசதி செய்தனர். அதுவே சுமைதாங்கி. இரு கற்களை நாட்டி, அவற்றின்மேல் ஒரு கல்லைப் பலகைபோல வைத்து, தலைச்சுமைக்காரர் பிறர் உதவியின்றி இறக்கவும் ஏற்றவும் ஏற்ற உயரத்தில் அதனை அமைத்தனர். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய உறவினர் அதனை நாட்டுவது வழக்கம். இறக்க முடியாத சுமையோடு ஒருத்தி போய்விட்டாள். இனி அவ்வழியாற் செல்வோராவது இறக்கி இளைப்பாறட்டும் என்பது அதன் கருத்து. உடலின் சுமையைக் குறைப்பது ஓர் அறம் என எண்ணிய சமுதாயம் அது.

அந்த எண்ணத்தோடு இன்று ஆராயவேண்டிய பொருள் ஒன்று உண்டு. துவிச்சக்கர வண்டியிலே நாள்தோறும் பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் வயலுக்கும் சந்தைக்கும் செல்வோர் தம் பொருள்களை எவ்வாறு கொண்டு செல்கின்றனர், எவ்வாறு கொண்டு செல்லவேண்டும் என்பதே அது. இஃது அற்பமான விடயம் எனச் சிலர் எண்ணலாம். ஒரு பையை வண்டியில் மாட்டுவதற்கும் ஒரு பேச்சு வேண்டுமோ எனக் கேட்கலாம். ஆனால் முன்சில்லில் பைவார் சிக்கி விழுந்த பிள்ளையின் பெற்றோர் அவ்வாறு கேளார். மழையில் நனைந்த கொப்பிகளை அடுப்படியில் உலர்த்தும் தாயாரும் அவ்வாறு கேளார்.

நானாட்டான் மன்னார் மாவட்டத்தின் பெருநிலப்பரப்பிலே, முருங்கனிலிருந்து சிலாவத்துறை நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்த ஊர். கட்டுக்கரைக் குளம் என்றும் யோத வாவி என்றும் வழங்கும் பெருங்குளத்தின் நீர் பாயும் வயல்கள் இப்பகுதியில் பரந்து கிடக்கின்றன. கடலை நோக்கிச் சென்றால் வங்காலை. தென்மேற்கே சென்றால், அருவி ஆறு கடலோடு கலக்கும் அரிப்பு. பிரதேச செயலகமும் பிரதேச சபையும் பாடசாலைகளும் கடைகளும் இருப்பதாற் சுற்றுக் கிராமங்களிலுள்ளோர் பலர் நாள்தோறும் நானாட்டானுக்கு வருகின்றனர். அங்கிருந்து முருங்கனுக்கும் மன்னாருக்கும் போவோரும் உளர். நிலம் சமதளம். மேட்டிலே மூச்சிறைக்க மிதிக்கவேண்டிய தேவை இல்லை. சில்லுக்கு இதனிலும் வாய்ப்பான நிலம் இலங்கையிற் பல இடங்களில் இல்லை.

ஆயினும் இந்நிலத்திலே வண்டியோட்டிக்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று காற்று. வைகாசி தொடங்கிப் பல மாதம் சோழகக் காற்று ஓயாது வீசும். மன்னார்த் தீவின் தென்கரையிலே 2020 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் தொகுதியின் 30 கோபுரங்களும் அக்காற்றின் வலிமைக்குச் சாட்சி. மற்றையது மண். முருங்கன் பகுதியின் கரிய களிமண் கோடையிற் பாளம் பாளமாக வெடிக்கும்; மாரியிற் பசைபோல ஒட்டும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் அதற்கு இக்களிமண் கொண்டு செல்லப்பட்டது. சீமெந்துக்கு உதவிய அதே களி, வயல் வரம்பால் வரும் வண்டியின் சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையே புகுந்து, சில்லைச் சுழலவிடாமற் பிடித்துக்கொள்ளும். இவ்விரு பகைகளையும் மனத்திற் கொண்டே இப்பகுதியிற் சுமை ஏற்றுதல் வேண்டும்.

காலை வேளையில் வீதியோரத்தில் நின்று பார்ப்பவருக்கு ஊரின் தொழில்களெல்லாம் சுமைகளாகவே தோன்றும். விவசாயியின் வண்டியில் மண்வெட்டியும், மருந்து தெளிக்கும் கருவியும், மதிய உணவும் இருக்கும். மேசனின் வண்டியில் மட்டப்பலகையும் தூக்குக்குண்டும் சாந்தகப்பையும் இருக்கும். ஆசிரியையின் வண்டியில் திருத்திய கொப்பிக் கட்டும் குடையும் இருக்கும். எழுதுவினைஞரின் வண்டியில் கோப்புகளும், இக்காலத்திலே மடிக்கணினியும் இருக்கும். மாணவரின் முதுகிலே பை இருக்கும். இவர்கள் எல்லாரிலும் நன்றாகச் சுமை ஏற்றத் தெரிந்தவர் யார் எனக் கேட்டால், மீன் வியாபாரி என்றே விடை கூறவேண்டும்.

கரையோரத்து வாடிகளில் விடியற்காலையில் மீனை வாங்கி, வெயில் ஏறுமுன் உள்ளூர்க் கிராமங்களுக்குக் கொண்டுவந்து விற்கும் தொழில் அது. இன்று இத்தொழிலிற் பெரும்பகுதியை மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டது. ஆயினும் மிதிவண்டியில் வளர்ந்த முறையே அதிலும் தொடர்கின்றது. மீன்காரர் முதலிலே கரியரின்மேல் அகலமான பலகை ஒன்றை வைத்து இறுக்குவார். அதன்மேற் பெட்டியைத் தமது இருக்கைக்கு எவ்வளவு கிட்டவாக வைக்கமுடியுமோ அவ்வளவு கிட்டவாக வைப்பார். பாரமான மீன் அடியில், இலேசானது மேலே. தராசும் படிக்கல்லும் உயரத்தில் இராமற் பக்கவாட்டில் தாழத் தொங்கும். கட்டுவதற்குக் கயிற்றினும் பழைய ரியூப்பை நீளமாக வெட்டிய நாடாவையே விரும்புவார். கயிறு வீதியின் அதிர்ச்சியில் நெகிழும். இறப்பரோ நெகிழ இடமில்லாமல் இழுத்துப் பிடிக்கும். கட்டி முடிந்ததும் இருக்கையையும் பெட்டியையும் பிடித்து வண்டியை ஒருமுறை இரு புறமும் உலுக்குவார். பெட்டி தனியாக அசைந்தால் மீண்டும் அவிழ்த்துக் கட்டுவார். வண்டியும் பெட்டியும் ஒன்றாக அசைந்தாலன்றி ஏறமாட்டார்.

இம்முறையை அவருக்கு எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை. விழுந்தால் அன்றைய முதல் போய்விடும் என்ற அச்சமே கற்பித்தது. ஆனால் அவர் செய்வது ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அதனை அறிவதற்கு வண்டியின் அமைப்பைச் சற்று நோக்குதல் வேண்டும்.

இன்று உலகெங்கும் ஓடும் துவிச்சக்கர வண்டியின் வடிவத்தை, இரு சில்லுகளும் ஏறத்தாழ ஒரே அளவினவாகவும் பின்சில்லைச் சங்கிலி இழுப்பதாகவும், 1885 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே யோன் கெம்ப் ஸ்ராளி என்பவர் செய்து வெளியிட்டார். 1888 இலே பெல்பாஸ்ற் நகரில் டன்லப் என்ற மிருக வைத்தியர் காற்றடைத்த ரயருக்கு உரிமம் பெற்றார். பின்னர் ரலே, ஹம்பர் முதலிய பெயர்களுடன் இந்நாட்டுக்கு வந்த உயரமான கறுப்பு வண்டிகளை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அவற்றின் சில்லுகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கியிருக்கும். முன்சில்லிற் கம்பிகள் 32, பின்சில்லில் 40. சுமை பின்னாலே வரும் என்பதை வண்டியைச் செய்தவர்களே எதிர்பார்த்தனர் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

துவிச்சக்கர வண்டி தானாக நிற்பதில்லை. அது ஒரு பக்கம் சாயும்போது, ஓட்டுபவர் அறிந்தோ அறியாமலோ முன்சில்லை அப்பக்கம் சிறிது திருப்புகின்றார், வண்டி நிமிர்கின்றது. மறுபக்கம் சாய்கின்றது, மீண்டும் திருப்புகின்றார். ஒரு நிமிடத்துக்குப் பலமுறை நிகழும் இச்சிறு திருத்தங்களே சமநிலை எனப்படுவது. ஆகவே திருப்பும் கை இலேசாக இருத்தல் வேண்டும். சுமை தாழ்ந்தும், நடுவுக்குக் கிட்டவும், இரு பக்கமும் சமனாகவும், அசையாமலும் இருத்தல் வேண்டும். இந்நான்கும் பொருந்திய இடம் பின்சில்லின் மேலும் அதன் இரு பக்கங்களுமே. முன்னோரின் காவுதடியிலும் பொதிமாட்டின் இரட்டைப் பொதியிலும் இதே நியாயம் இருந்தது என்பதை நேயர்கள் கவனிக்கலாம்.

இனி, பொருளை வைக்கத் தகாத இடங்களைப் பார்ப்போர் அவற்றையே பலர் விரும்புவதையும் காண்பர். முதலாவது, கைப்பிடி. கடைக்குச் சென்று திரும்புவோர் பொலித்தீன் பையைக் கைப்பிடியில் மாட்டிக்கொள்வது வழக்கம். அப்பை ஊசலாடும். ஒவ்வோர் ஊசலும் முன்சில்லை ஒரு பக்கம் இழுக்கும். பை நீளமாயின் சுழலும் கம்பிகளுக்கிடையே அகப்படும். அப்போது முன்சில்லு கணத்தில் நிற்க, பின்சில்லு நில்லாது மேலெழ, ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவார். இவ்வகை வீழ்ச்சியினால் முகமும் பல்லும் உடைவதுண்டு. கைப்பிடியின் முன்னே உறுதியாகப் பொருத்திய கூடையில் இலேசான பொருளை வைக்கலாம், தொங்கவிடல் ஆகாது.

இரண்டாவது, ஒரே பக்கம். தண்ணீர்க் கலன், மண்ணெண்ணெய்க் கலன் முதலியவற்றைக் கரியரின் ஒரு புறத்திலே மாட்டிவிட்டு, உடலை மறுபுறம் சாய்த்துக்கொண்டு செல்வோர் உளர். வண்டி நேரே செல்லும், இடுப்போ கோணும். ஒரு பெரிய கலனுக்குப் பதிலாக இரு சிறிய கலன்களை எடுத்தால் இத்தொல்லை இல்லை.

மூன்றாவது, முதுகு. இதுவே இக்காலத்தில் மிகப் பரவியது. முதுகிற் சுமந்தால் பாரம் வண்டிக்கு இல்லை எனச் சிலர் நினைக்கின்றனர். அது மயக்கம். முதுகிலுள்ள பாரமும் முடிவில் இருக்கை வழியாகவும் பெடல் வழியாகவும் வண்டிக்கே சேருகின்றது. இடையிலே தோளும் முதுகெலும்பும் இடுப்பும் அதனைத் தாங்கவேண்டியிருக்கின்றது என்பதே வேறுபாடு. கரியருக்கு மாற்றினாற் காலுக்குரிய வேலை குறையாது என்பது உண்மை. ஆனால் உடலின் ஏனைய பகுதிகள் விடுதலை பெறும். முதுகிலே காற்றுப் படும். சட்டை வியர்வையில் ஊறாது. பாரம் தாழ்ந்த இடத்துக்கு வருவதால் வண்டி தள்ளாடாது. பின்னால் வரும் வாகனத்தைத் திரும்பிப் பார்ப்பதும் எளிதாகும்.

காற்றைப் பற்றி முன்னர்க் கூறப்பட்டது. நானாட்டான் போன்ற சமநிலத்திலே ஐந்து கிலோகிராம் கூடுதலாக ஏற்றுவது, புறப்படும்போதும் நிறுத்தும்போதும் அன்றி அதிகம் தெரியாது. ஆனால் அகலமான பெட்டி ஒன்று கைப்பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றால், எதிர்க்காற்றில் அது பாய்மரம்போலத் தடுக்கும்; பக்கக் காற்றில் வண்டியை வீதியின் நடுவுக்குத் தள்ளும். ஆகவே இங்கே பாரத்தினும் பருமனே பெரும் பகை. மூட்டையை அகலத்தில் வளரவிடாமல் நீளத்தில் வளரவிடுதல் நன்று. குடை, மண்வெட்டி, மட்டப்பலகை முதலிய நீண்ட பொருள்களைக் குறுக்கே வையாது, இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையேயுள்ள சட்டத்தோடு நெடுக்காகக் கட்டுதல் வேண்டும். வெட்டும் முனை பின்னோக்கியும் உறையிட்டும் இருத்தல் அவசியம்.

இவ்வளவு சிறிய வண்டி எவ்வளவு தாங்கும் என்பதை இந்நாட்டின் வடபகுதி மக்கள் வேறெவரினும் நன்கு அறிவார்கள். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின், போராளிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குப் பெற்றோல், மண்ணெண்ணெய், மின்கலம் முதலிய பல பொருள்கள் செல்வது தடுக்கப்பட்டது அல்லது மட்டுப்படுத்தப்பட்டது. அக்காலத்தில் துவிச்சக்கர வண்டியே பேருந்தும் லொறியும் அம்புலன்சும் ஆயிற்று. விறகுக் கட்டுகளும் நெல் மூட்டைகளும் நோயாளரும் அதிற் சென்றனர். மின்கலம் இல்லாத வீட்டிலே வண்டியைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். 1995 ஆம் ஆண்டு ஒற்றோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, ஒரு குடும்பத்தின் எஞ்சிய உடைமையெல்லாம் ஒரு வண்டியின் கரியரிலும் சட்டத்திலும் அடங்கின. வீட்டில் எதை விடுவது, வண்டியில் எதை ஏற்றுவது என்ற கேள்விக்குச் சில நிமிடங்களில் விடை காணவேண்டியிருந்தது.

உலகம் இதற்கு ஒப்பான காட்சியை முன்னரும் கண்டதுண்டு. வியற்நாமியர் 1954 இலே தியன் பியன் பூவிற் பிரெஞ்சுப் படையை முற்றுகையிட்டபோது, மலைப்பாதைகளில் அரிசியையும் படைக்கலங்களையும் ஆயிரக்கணக்கான துவிச்சக்கர வண்டிகளிற் கொண்டு சென்றனர். கைப்பிடியோடு ஒரு மூங்கிலையும் இருக்கைத் தண்டோடு ஒரு மூங்கிலையும் கட்டி, ஏறி மிதியாது, பக்கத்தில் நடந்து தள்ளினர். அவ்வாறு ஒரு வண்டியில் 200 கிலோகிராமும் அதற்கு மேலும் ஏற்ற முடிந்தது. சுமை ஓர் அளவைக் கடந்தால் ஏறி ஓட்டுவது கூடாது, தள்ளிக்கொண்டு நடக்கவேண்டும் என்ற பாடம் இதிலுண்டு. வன்னியில் விறகு ஏற்றியவர்களும் இப்பாடத்தைத் தாமாகவே கற்றிருந்தனர்.

அமைதிக் காலத்திலும் இவ்வறிவு பயன்படாமற் போவதில்லை. மும்பாய் நகரிலே 1890 ஆம் ஆண்டு தொடங்கிய உணவுப் பெட்டித் தொழிலாளர், வீடுகளில் சமைத்த மதிய உணவை அலுவலகங்களுக்குப் புகையிரதத்திலும் துவிச்சக்கர வண்டியிலும் கொண்டு சேர்க்கின்றனர். மனிதரினும் மிதிவண்டிகள் தொகையில் மிகுந்த நாடான ஒல்லாந்திலே, கரியரின் இரு புறமும் பொதிமாட்டின் பொதிபோலத் தொங்கும் இரட்டைப் பைகளை அமைச்சர் முதல் மாணவர் வரை பயன்படுத்துகின்றனர். செல்வம் மிகுந்த நாட்டிலும் அது வறுமையின் அடையாளமாகக் கருதப்படுவதில்லை.

இந்நாட்டிலோ போர் ஓய்ந்து வீதிகள் செப்பனிடப்பட்டபின், துவிச்சக்கர வண்டியை விட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறுவதே முன்னேற்றம் எனப் பலர் கருதினர். அதிற் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் 2022 ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில், அந்நியச் செலாவணி வற்றிய நிலையில், அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. பாடசாலைகள் மூடப்பட்டன. எரிபொருள் நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் வரிசை நின்றது. அப்பொழுது நாடெங்கும் மக்கள் பழைய மிதிவண்டிகளைத் தேடித் துடைத்து எடுத்தனர். புதியவற்றின் விலை பன்மடங்கு ஏறியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் வடக்கு மக்கள் கற்ற பாடத்தை முழு நாடும் சில மாதங்கள் கற்க நேர்ந்தது.

அவ்வாறு வண்டிக்குத் திரும்பியோரில் இளைஞர் பலர் ஒரு குறையை உணர்ந்தனர். வண்டி இருந்தது, கரியர் இல்லை. மலைப்பாதை வண்டி என்ற பெயரில் விற்கப்படுபவற்றிற் பலவற்றுக்குக் கரியரும் இல்லை, மட்காட்டும் இல்லை, சங்கிலிக்கு மூடியும் இல்லை. விளையாட்டுக்கெனப் பிறந்த வண்டிக்கு அவை வேண்டியதில்லை. நாள்தோறும் பாடசாலைக்கோ வேலைக்கோ செல்லும் வண்டிக்கு அவை இன்றியமையாதன. கரியர் பொருத்திய பழைய மாதிரி வண்டியைப் பிள்ளைகள் நாகரிகமற்றது எனக் கூச்சப்படுகின்றனர். அக்கூச்சத்தின் விலையை அவர்களுடைய முதுகே கொடுக்கின்றது.

மாணவரின் பை எவ்வளவு பாரமாக இருக்கலாம்? இந்திய அரசாங்கத்தின் 2020 ஆம் ஆண்டுப் பாடசாலைப் பைக் கொள்கை, பையின் பாரம் பிள்ளையின் உடற்பாரத்திற் பத்தில் ஒரு பங்கை விஞ்சலாகாது என்கின்றது. முப்பது கிலோகிராம் உள்ள பிள்ளைக்கு இது மூன்று கிலோகிராம். பாடப்புத்தகம், கொப்பி, தண்ணீர்ப் போத்தல், உணவுப் பெட்டி ஆகிய நான்கையும் தராசில் வைத்துப் பார்க்கும் பெற்றோர் பலருக்கு வியப்பு ஏற்படும். அப்பையோடு பிள்ளை சோழகத்துக்கு எதிரே பல கிலோமீற்றர் மிதித்து வந்து, வகுப்பில் அமரும்போது களைத்திருந்தால், அதற்குப் பிள்ளையின் சோம்பலைக் காரணம் கூறுதல் முறையன்று. முதற் பாடவேளையிற் கண்ணயரும் மாணவரிடம் பாடத்தைக் கேட்குமுன் பாதையைக் கேட்பது நன்று.

பெண்களின் நிலையையும் இங்கே தனியே நோக்குதல் வேண்டும். சேலைத் தலைப்பும் பாவாடை ஓரமும் பின்சில்லிலோ சங்கிலியிலோ சிக்குவது பழைய ஆபத்து. பின்சில்லின் மேற்பாதியை இரு புறமும் மறைக்கும் வலையும், சங்கிலியை முழுதும் மூடும் பெட்டியும் அதற்குரிய காப்பு. அவ்வலை இருந்தாற் பக்கப் பையின் வாரும் கம்பியிற் சிக்காது. மேலும், கரியரிலே உயரமாகச் சுமை கட்டியபின் காலைப் பின்புறமாகத் தூக்கி ஏறுதல் இயலாது. தாழ்ந்த சட்டமுள்ள பெண்கள் வண்டியே அப்போது ஆண்களுக்கும் வசதி. தமிழ்நாட்டிலே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990 களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்பித்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் அதனைக் கற்றனர். பிள்ளையையும் தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் பிறர் கையை எதிர்பாராமல் கொண்டு செல்லும் ஆற்றல் அவர்களுக்கு வாய்த்தது. தன் சுமையைத் தானே கொண்டு செல்ல வல்லவளுக்குத் தன் நேரமும் தன் கையிலாகும் என்பதை அங்குள்ளோர் கண்டனர்.

மாரி காலத்துக்குரிய சில விதிகளும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை முகிலின்றி வீட்டை விட்டுப் புறப்பட்டாலும், பையினுள்ளே ஒரு பெரிய பொலித்தீன் உறை இருத்தல் வேண்டும். புத்தகங்களை உறையினுள் இட்டு, அவ்வுறையைப் பையினுள் இடுவதே முறை. பைக்கு வெளியே உறை போர்த்தினால் அது காற்றிற் பறக்கும், சில்லிலும் சிக்கும். மடிக்கணினி கொண்டு செல்வோர் அதனைத் துணியாற் சுற்றி, நிமிர்த்தி வைத்து, பெட்டியின் அடியிலே பழைய ரியூப் துண்டுகளைப் பரப்பினால் அதிர்ச்சி குறையும். நனைந்த உருக்கு விளிம்பில் பிறேக் கட்டை வழுக்கும் என்பதையும், சுமை கூடினால் நிறுத்தும் தூரமும் கூடும் என்பதையும் மறவாது, முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். பின் ரயரிற் காற்றுக் குறைவாக இருந்தாற் சுமை ஏற்றவே கூடாது. களிப்பாதையிற் சிறிது தூரம் இறங்கித் தள்ளுவது மானக்குறைவன்று.

பலர் மறக்கும் ஒன்று, வண்டியை நிறுத்துவது. ஒற்றைக் கால் தாங்கியில் சுமையேற்றிய வண்டி நில்லாது சரியும். பின்சில்லைத் தூக்கி நிறுத்தும் இரட்டைக் கால் தாங்கி இருந்தால், வண்டி நிமிர்ந்து நிற்க இரு கையாலும் சுமையை ஏற்றலாம், இறக்கலாம். வீதியோரச் சுமைதாங்கி மக்களுக்குச் செய்த உதவியை இப்பொழுது அத்தாங்கி செய்கின்றது.

இவற்றையெல்லாம் செய்வதற்கு மிகுந்த பணம் வேண்டியதில்லை. கரியர் ஒன்று, பழைய ரியூப் ஒன்று, தையற்காரர் தைத்துக் கொடுக்கக்கூடிய சாக்குப் பைகள் இரண்டு, இவையே போதும். சாக்குப் பையின் முன்மூலையைச் சரிவாக வெட்டித் தைத்துக் கரியரின் பின்னோக்கி மாட்டினால், மிதிக்கும் குதிக்கால் அதிற் படாது. பனையோலை பின்னும் கைவினைஞர் உள்ள ஊர்களில், கரியருக்கு அளவான பெட்டிகளை அவர்களைக் கொண்டே செய்விக்கலாம். வடமாகாணத்தில் வசதி குறைந்த மாணவருக்குத் துவிச்சக்கர வண்டி அன்பளிப்புச் செய்யும் நலன்விரும்பிகள் பலர் உளர். அவர்கள் கரியரும் மட்காட்டும் இரட்டைத் தாங்கியும் உள்ள வண்டியையே தெரிந்தெடுத்துக் கொடுத்தால் அவ்வன்பளிப்பு முழுமை பெறும்.

பாடசாலைகள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தவணை தொடங்கும் வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கலாம். மாணவரின் வண்டிகளை முற்றத்தில் நிறுத்தி, ஊர் மீன் வியாபாரி ஒருவரை அழைத்து, பாரத்தைக் கட்டும் முறையை அவர் கையாற் காட்டச் செய்யலாம். பௌதிகவியல் ஆசிரியர் அருகே நின்று, புவியீர்ப்பு மையம் ஏன் தாழ்ந்திருத்தல் வேண்டும் என்பதை விளக்கலாம். நூலறிவும் தொழிலறிவும் ஒரே முற்றத்திற் சந்திக்கும் அந்நாளில், நாள்தோறும் தம் வீட்டு வாயிலுக்கு மீன் கொண்டுவருபவரிடமும் கற்பதற்கு ஒன்று உண்டு எனப் பிள்ளைகள் அறிவார்கள். அன்று மாலை அவர்கள் வீடு திரும்பும்போது பை கரியரில் இருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும்.